குழியில் கிடைத்த எலும்பு யாருடையது?

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கிறது பாடாலூர். அங்கே ஒருவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அடி ஆழத்தில் கடப்பாறை எதன் மீதோ மோதுகிறது. மண்ணை விலக்கிப் பார்த்தால், பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு பொருள். "எலும்பு!" என்று கத்துகிறார் தோண்டியவர். சற்று நேரத்தில் தெருவே கூடிவிடுகிறது.

"இது கடல் இருந்த காலத்து மிருகத்தின் எலும்பு. நம் பக்கத்தில்தான் கல்லாய்ப் போனதெல்லாம் கிடைக்கிறதே!" என்கிறார் ஒருவர். "செத்த மாட்டைப் புதைத்திருப்பார்கள்" என்கிறார் மற்றொருவர். "தாழியில் வைத்துப் புதைத்தார்களே, அந்தக் காலத்து மனிதனுடையது" என்கிறார் மூன்றாமவர். நான்காமவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "யாரையாவது கொன்று புதைத்திருந்தால்?" என்று கேட்கிறார்.

பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் அந்த வழியாக வருகிறீர்கள். "தம்பி, நீ ஹைஸ்கூலில் படிக்கிற பிள்ளையாயிற்றே! இது என்ன என்று சொல், பார்ப்போம்" என்று உங்களிடம் கேட்டுவிடுகிறார்கள்.

என்ன சொல்வீர்கள்?

மாணவ நண்பர்களே! நால்வர் சொன்னதில் எதுவும் நடக்க முடியாதது அன்று. ஆனால் எது உண்மை என்று ஊகத்தால் முடிவு செய்ய முடியாது. எலும்பை ஆராயும் அறிஞர் சில கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு போகிறார். புதைபொருள் ஆராய்ச்சியாளருக்கும், குற்றங்களை ஆராயும் தடயவியல் அறிஞருக்கும் அந்தக் கேள்விகள் பொதுவானவை. அவற்றை நாமும் வரிசையாகப் பார்ப்போம்.

எலும்பா, கல்லா?

பாடாலூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டே ஆகவேண்டும். பாடாலூருக்குக் கிழக்கே உள்ள காரை, சாத்தனூர் முதலிய ஊர்கள் இருக்கும் நிலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் இருந்தது. பூமியின் வரலாற்றில் அதைக் கிரெட்டேசியஸ் காலம் என்கிறோம். சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்க் கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 1940-ஆம் ஆண்டில் அதை உலகுக்கு அறிவித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன்.

காரையின் களிமண் ஓடைகளில் சுருட்டு வடிவத்தில், விரல் நீளத்துக்குச் சிறு கற்கள் கிடைக்கின்றன. பார்த்தவுடன் விரல் எலும்பு என்றே தோன்றும். உண்மையில் அவை பெலம்னைட் என்னும் கடல் உயிரியின் உள்ளோட்டுப் பகுதி. இன்றைய கணவாயின் தூரத்து உறவினர் அது. ஒன்று உடைந்து கிடந்தால் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை, சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப் போலக் கோடுகள் தெரியும். எலும்பின் வெட்டு முகம் அப்படி இராது. வெளியே கெட்டியான ஓடும், உள்ளே கடற்பஞ்சு போன்ற துளைகளும், நீண்ட எலும்பாயின் நடுவில் மஜ்ஜை இருந்த குழாயும் காணப்படும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம்மைப் போன்ற மனிதர் தோன்றிச் சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே 10 கோடி ஆண்டுப் பாறைக்குள் இருப்பது எதுவானாலும் மனிதனுடைய எலும்பு ஆகாது. இராட்சதனுடையதும் ஆகாது!

மனிதனா, விலங்கா?

சரி, கிடைத்தது எலும்பேதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து, யாருடைய இனம்? வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவை ஒவ்வொன்றின் வடிவத்தையும், வலம் இடம் பிரித்து அறியும் அளவுக்கு, மனப்பாடமாகத் தெரிந்திருப்பதே எலும்பு ஆராய்ச்சியின் முதற்பாடம். 'உடற்கூறு' என்று நாம் படிப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. ஆட்டுக்கால் சூப்பில் வரும் எலும்பைக் கவனித்திருக்கிறீர்களா? குளம்புக்கு மேலே இருக்கும் அந்த எலும்பின் கீழ்முனையில் இரண்டு உருளைகள் அருகருகே இருக்கும். இரண்டு எலும்புகள் சேர்ந்து ஒன்றானதன் அடையாளம் அது. மாட்டுக்கும் அப்படியே. மனித உடலில் அத்தகைய எலும்பு ஒன்றுகூட இல்லை. மண்டையோடாக இருந்தால் முதுகுத்தண்டு நுழையும் பெருந்துளையைப் பார்ப்பார்கள். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு அது மண்டையோட்டின் அடியில் இருக்கும். நான்கு காலில் நடக்கும் விலங்குக்குப் பின்புறமாக இருக்கும்.

எல்லாம் இவ்வளவு எளிது என்று நினைத்துவிடாதீர்கள். கரடியின் பாத எலும்புகள் மனிதனின் கை எலும்புகளைப் போலவே இருந்து, அனுபவம் இல்லாதவர்களை ஏமாற்றியதுண்டு. அதற்கு மாறாக, கைக்குழந்தையின் எலும்புகளை ஏதோ கோழி எலும்பு என்று எண்ணி வீசிவிடுவதும் உண்டு. பிறக்கும்போது குழந்தையின் உடலில் ஏறக்குறைய 300 எலும்புத் துண்டுகள் இருக்கும். அவை வளர வளர ஒன்றோடொன்று இணைந்தே 206 ஆகின்றன. இணையாத அந்தச் சிறு துண்டுகளை அறியாதவர் கண்ணுக்கு அவை எலும்பாகவே தோன்றமாட்டா.

உடைந்த சில்லு மட்டும் கிடைத்தால்? அதை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மனித எலும்பில் மரத்தின் ஆண்டு வளையம் போன்ற சிறு வட்டங்கள் சிதறிக் கிடக்கும். மாடு ஆடுகளின் எலும்பிலோ, செங்கல் அடுக்கிய சுவரைப் போன்ற அமைப்பு பல இடங்களில் தெரியும்.

எவ்வளவு காலத்துக்கு முந்தியது?

மனித எலும்புதான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது பாதை இரண்டாகப் பிரிகிறது. எலும்பு 2,000 ஆண்டுப் பழையது என்றால் அது வரலாறு. 20 ஆண்டுதான் என்றால் எங்கோ ஒரு குடும்பம் காணாமற்போன ஒருவருக்காக இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நிறத்தைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடியாது. செம்மண்ணில் சில ஆண்டுகள் கிடந்த எலும்பு பல நூற்றாண்டுப் பழையதுபோல் பழுத்துவிடும். ஆதலால் எலும்போடு என்ன இருந்தது என்பதை முதலில் பார்ப்பார்கள். சுற்றிலும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கத்தியும் இருந்தால் அது ஒரு செய்தி. பிளாஸ்டிக் பொத்தான் இருந்தால் அது வேறு செய்தி. எலும்பு எந்த மண் அடுக்கில், எந்த நிலையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது எலும்பைப் போலவே விலைமதிப்பற்ற சான்று. எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட அந்த நிமிடமே அந்தச் சான்று அழிந்துவிடும்.

அடுத்தது கார்பன்-14 முறை. காற்றில் கதிரியக்கமுள்ள கார்பன்-14 சிறிதளவு எப்போதும் இருக்கிறது. தாவரம் வழியாக அது நம் உடலுக்குள் வருகிறது. உயிர் உள்ளவரை வரவும் செலவும் சரியாக இருக்கும். உயிர் போனபின் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டுகளில் பாதி குறையும். 2,600 ஆண்டுப் பழைய எலும்பில் தொடக்க அளவில் சுமார் 73 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கும். இம்முறையைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிபிக்கு 1960-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் 1963-ஐ ஒட்டிக் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. அதன்பின் மெல்லக் குறைந்து வந்தது. ஆகவே எலும்பிலோ பல்லிலோ கார்பன்-14 வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், அந்த மனிதர் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின்னும் வாழ்ந்தவர் என்று துணிந்து சொல்லலாம். அழிப்பதற்காகச் செய்த குண்டு, காணாமற்போனவரை அடையாளம் காணவும் உதவுகிறது!

நம் நாட்டு வெப்பத்தில் பழைய எலும்பிலுள்ள புரதம் விரைவில் சிதைந்துவிடும். அப்போது எலும்பை விட்டுவிட்டு, கூட இருந்த கரியையோ தானியத்தையோ சோதிப்பார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் உமி, மண் ஆகியவற்றைச் சோதித்து, அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். தாழியைத் திறந்து எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆணா, பெண்ணா? எத்தனை வயது? எவ்வளவு உயரம்?

குழியில் பல எலும்புகள் இருந்தால் முதலில் தலைகளை எண்ணவேண்டும். தலை கிடைக்காவிட்டால்? இடது தொடை எலும்புகளை எண்ணினால் போதும். மூன்று இடது தொடை எலும்புகள் இருந்தால் குறைந்தது மூன்று பேர். இதற்கு மேலும் இருந்திருக்கலாம்; குறைய வழியில்லை.

ஆண், பெண் வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது இடுப்பெலும்பு. பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றபடி பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும். முன்பக்கத்தில் இரு எலும்புகளும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள கோணம் பெண்ணுக்கு விரிந்தும் ஆணுக்குக் குறுகியும் காணப்படும். மண்டையோட்டிலும் குறிப்புகள் உண்டு. புருவ மேடும், காதுக்குப் பின்னால் தொட்டால் தெரியும் எலும்பு முனையும் ஆணுக்குப் பொதுவாகப் பெரியவை. ஆனால் மண்டையோட்டை மட்டும் கொண்டு சொல்வதில் பிழை வரும் வாய்ப்பு அதிகம். பருவம் அடையாத சிறுவர் சிறுமியரின் எலும்பைப் பார்த்து மட்டும் ஆணா பெண்ணா என்று நம்பத்தக்கபடி சொல்ல முடிவதில்லை.

வயதைப் பற்றிச் சொல்லும்போது நிலைமை தலைகீழ். வளரும் பிள்ளைகளின் வயதைத்தான் நெருக்கமாகக் கணிக்கலாம். முதல் கடைவாய்ப் பல் சுமார் 6 வயதிலும், இரண்டாவது சுமார் 12 வயதிலும், மூன்றாவதாகிய ஞானப்பல் 17 முதல் 25 வயதுக்குள்ளும் முளைக்கும். நீண்ட எலும்புகளின் முனைகள் குருத்தெலும்புத் தட்டால் பிரிந்திருந்து, ஒவ்வொன்றாக இணையும். இதைப் படிக்கும் உங்கள் உடலிலும் இந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் கடைசியாக இணைவது கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பின் உள்முனை. அது முழுதும் இணைய 30 வயது வரைகூட ஆகலாம். அதன்பின் வளர்ச்சியின் அடையாளங்கள் தீர்ந்து, தேய்மானத்தின் அடையாளங்களே மிஞ்சும். தேய்மானம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே '35 முதல் 50 வயதுக்குள்' என்றுதான் சொல்ல முடியும். '42 வயது' என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

உயரத்தைக் கணக்கிடும் முறைக்கு ஒரு சோகமான பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளைப் பெயரறிந்து குடும்பங்களிடம் ஒப்படைக்கும் பணியில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார் ஈடுபட்டிருந்தார். வீரர்கள் படையில் சேர்ந்தபோது அளந்த உயரம் ஏடுகளில் இருந்தது. எலும்பின் நீளம் அவர் கையில் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, கிளெசர் என்பவருடன் சேர்ந்து 1952-இல் சூத்திரங்களை வெளியிட்டார். அவற்றுள் வெள்ளை அமெரிக்க ஆண்களுக்கானது இது:

உயரம் = 2.38 × தொடை எலும்பின் நீளம் + 61.41 (சென்டிமீட்டரில்)

தொடை எலும்பு 44 செ.மீ. என்று கொள்வோம். 2.38 × 44 = 104.72. அதனுடன் 61.41-ஐக் கூட்டினால் 166.13 செ.மீ. கணக்கு முடிந்துவிட்டதா? இல்லை. சூத்திரத்தின் கடைசியில் '± 3.27' என்று ஒரு குறிப்பு உண்டு. அதாவது, உண்மை உயரம் பெரும்பாலும் 163-க்கும் 169-க்கும் இடையே இருக்கும். மூன்றில் ஒருவருக்கு அதற்கு வெளியேயும் இருக்கும். மேலும் இது அமெரிக்கருக்காகச் செய்த கணக்கு. உடம்புக்கும் காலுக்கும் உள்ள விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும். பாடாலூர்க்காரருக்கு அதை அப்படியே பொருத்தினால் தவறு வரும். அதனால்தான் இந்தியாவின் பல பகுதி மக்களுக்கும் தனித்தனியே சூத்திரங்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

எலும்பு ஒருவரின் வாழ்க்கையையும் சொல்லும். முறிந்து கூடிய எலும்பில் புது எலும்பு வளர்ந்து மேடிட்டிருக்கும். அப்படியானால் முறிவுக்குப் பின் அவர் பல வாரங்களாவது வாழ்ந்திருக்கிறார். நடக்க முடியாத அந்நாட்களில் யாரோ அவருக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்திருக்கவும் வேண்டும். கூடிய அடையாளம் சிறிதும் இல்லாமல் முறிந்திருந்தால், அது இறக்கும் தறுவாயில் பட்ட அடியா, பின்னர் மண்ணின் பாரத்தால் நேர்ந்ததா என்று தடயவியல் அறிஞர் முறிவின் விளிம்பை ஆராய்வார்.

எலும்பு சொல்லாதவை

இவ்வளவும் சொல்லும் எலும்பு சொல்லாதவையும் உண்டு. பேசிய மொழி, கும்பிட்ட தெய்வம், பிறந்த சாதி ஆகியவை எலும்பில் எழுதப்படுவதில்லை. இதை மறந்ததால் அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியரான ஜாகோர் 1876-இல் தோண்டினார். கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் விரிவாக அகழ்ந்தார். அங்கே எடுத்த மண்டையோடுகளைப் பற்றி ஜக்கர்மன் என்ற உடற்கூற்று அறிஞர் எழுதிய ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. மண்டையோட்டின் நீள அகலங்களை அளந்து, 'இன்ன இனம்' என்று பெயர் சூட்டுவது அந்நாளைய வழக்கம். ஒரு சில மண்டையோடுகளை வைத்துக்கொண்டு, தமிழர் எங்கிருந்து வந்தனர் என்று பெரிய கதைகள் கட்டப்பட்டன.

ஆனால் பிரான்ஸ் போயஸ் என்ற அமெரிக்க மானிடவியலார், அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை அளந்து, பெற்றோரின் தலை வடிவத்துக்கும் பிள்ளைகளின் தலை வடிவத்துக்கும் வேறுபாடு இருப்பதை 1912-இலேயே காட்டியிருந்தார். ஓர் ஊரில் உள்ள பத்துப் பேருக்குள்ளேயே தலை வடிவம் வெகுவாக வேறுபடும். உங்கள் வகுப்பறையில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், தெரியும். ஆகவே மண்டையோட்டின் அளவை வைத்து மக்களை இனங்களாகப் பெட்டிகளில் அடைப்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை என்னும் ஊரில் பண்டைய இடுகாடு ஒன்று அகழப்பட்டது. அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் முகங்களைக் கணிப்பொறியில் வடித்தார்கள். 2025-இல் அப்படங்கள் வெளிவந்தன. எலும்பின் மேல் தசை எவ்வளவு தடிப்பாகப் படியும் என்ற அளவுகளைக் கொண்டு செய்த வேலை அது. முகத்தின் அமைப்பு எலும்பிலிருந்து வந்தது. தோலின் நிறமும் தலைமயிரும் எலும்பிலிருந்து வந்தவை அல்ல. அத்தகைய படத்தைப் பார்க்கும்போது எது அளந்தது, எது ஊகித்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

அஜ்னாலாக் கிணறு

புதைபொருள் ஆராய்ச்சியும் தடயவியலும் ஒரே இடத்தில் சந்தித்த ஒரு நிகழ்ச்சியை இப்போது பார்ப்போம். அது பஞ்சாபில் நடந்தது. பாடாலூர்க் குழிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதைக் கடைசியில் காண்பீர்கள்.

1857-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, லாகூருக்கு அருகே மியான் மீரில் இருந்த வங்காளப் படையின் 26-ஆம் பிரிவுச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து வெளியேறினார்கள். அவர்களுள் 282 பேர் பிடிபட்டனர். பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மற்றவர் அடைத்து வைத்த இடத்தில் மூச்சுத் திணறி மாண்டனர். உடல்கள் அஜ்னாலா என்னும் ஊரில் ஒரு பாழுங்கிணற்றில் போடப்பட்டன. இதைச் செய்வித்த ஆங்கில அதிகாரி பிரெடரிக் கூப்பர், அடுத்த ஆண்டே தாம் எழுதிய நூலில் இதைப் பெருமையுடன் குறித்திருக்கிறார்.

2014-இல் அந்தக் கிணறு தோண்டப்பட்டது. ஆயிரக்கணக்கான எலும்புத் துண்டுகளும் பற்களும், காசுகளும் பதக்கங்களும் வெளிவந்தன. உடனே ஐயமும் எழுந்தது. இவர்கள் 1857-இன் சிப்பாய்களா? அல்லது 1947-இல் நாடு பிரிந்தபோது நடந்த கலவரத்தில் மாண்டவர்களா?

பஞ்சாப் பல்கலைக்கழக மானிடவியலார் ஜே. எஸ். செஹ்ராவத் இந்த ஆய்வை மேற்கொண்டார். ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ், மற்றும் லக்னோ, வாரணாசி நகரங்களின் அறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் பற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் தெரியுமா? பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். அது குழந்தைப் பருவத்தில், அப்போது குடித்த தண்ணீரையும் உண்ட உணவையும் கொண்டு உருவாகிறது. பிறகு மாறுவதில்லை. ஒருவர் எங்கே இறந்தாலும், எங்கே வளர்ந்தார் என்பதைப் பல் மறப்பதில்லை.

50 மாதிரிகளில் டி.என்.ஏ.வையும் 85 மாதிரிகளில் ஐசோடோப்புகளையும் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வெளியாயிற்று. இறந்தவர்கள் பஞ்சாபியர் அல்லர். வங்காளம், ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத்தின் கிழக்குப் பகுதி ஆகிய கங்கைச் சமவெளி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். 26-ஆம் பிரிவுக்கு ஆள் சேர்த்த வட்டாரமும் அதுவே. 165 ஆண்டுகளாக ஏட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்கள், எந்த மண்ணின் பிள்ளைகள் என்பதைப் பற்கள் சொல்லிவிட்டன.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கிணற்றைத் தோண்டியவர்கள் ஆர்வமுள்ள உள்ளூர் மக்கள். எலும்பு ஆராய்ச்சியில் பயிற்சி பெற்றவர்கள் அப்போது உடன் இல்லை. நல்லெண்ணத்தோடுதான் தோண்டினார்கள். ஆயினும் எலும்புகள் உடைந்தன, ஒன்றோடொன்று கலந்தன. எந்தத் தலை எந்த உடம்புக்கு உரியது, யார் மேலே கிடந்தார், யார் அடியில் கிடந்தார் என்ற செய்திகளில் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு மனிதரின் எலும்புகளை ஒன்றுசேர்த்து அவர் வயதையும் உயரத்தையும் காயத்தையும் சொல்லும் வாய்ப்பும் அதோடு போயிற்று. எந்தச் சோதனைச்சாலையாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மீண்டும் பாடாலூரில்

இப்போது அந்தக் குழியின் அருகே நிற்கிறீர்கள். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?

"ஐயா, தோண்டுவதை நிறுத்துங்கள். எலும்பை வெளியே எடுக்க வேண்டாம். எடுத்த மண்ணையும் கொட்டிவிட வேண்டாம். யாரும் குழிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் போலீஸ் நிலையத்துக்கும் சொல்லியனுப்புங்கள். பழைய எலும்பு என்றால் அவர்கள் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்கள். புதியது என்றால் டாக்டரும் தடய அறிவியல் துறையாரும் வருவார்கள்."

முடிந்தால் எட்ட நின்று ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். எவ்வளவு ஆழம், எந்தத் திசையில் கிடக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. "இன்னாருடைய எலும்பு" என்று நீங்கள் சொல்லவில்லையே என்று கூட்டம் ஏமாற்றம் அடையலாம். கவலைப்படாதீர்கள். நான்கு பேரும் விடை சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், விடை கிடைப்பதற்கு வழியைக் காப்பாற்றியவர் நீங்கள்தான்.

அது மாட்டெலும்பாகவே இருந்துவிட்டால், எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், நட்டம் ஒன்றுமில்லை. ஒருவேளை மனிதருடையதாக இருந்தால், அவர் 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரோ, முப்பது ஆண்டுகளுக்கு முன் காணாமற்போனவரோ, தம்மைப் பற்றிச் சொல்ல அவருக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குழி ஒன்றே.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் 20 பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாணவர், மாணவியரைத் தனித்தனியாகக் கொள்வது நல்லது. முழங்கையை மடக்கி, அதன் முனையிலிருந்து மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேடு வரை அளவு நாடாவால் அளவுங்கள். ஒவ்வொருவரின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். வரைபடத் தாளில் கிடையாக முன்கை நீளத்தையும், நெடுக்காக உயரத்தையும் குறித்து, புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு வரையுங்கள்.

இனி இருபத்தோராவது நண்பரின் முன்கையை மட்டும் அளந்து, கோட்டைப் பார்த்து உயரத்தைச் சொல்லுங்கள். பிறகு உண்மை உயரத்தை அளந்து, எத்தனை சென்டிமீட்டர் பிசகினீர்கள் என்று குறியுங்கள். பத்துப் பேருக்கு இப்படிச் செய்தால், உங்கள் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகக்கூடும் என்பது தெரிந்துவிடும். டிராட்டர் அம்மையாரின் சூத்திரத்தில் கடைசியாக இருந்த '±' குறி எதற்கு என்பதும் அப்போது விளங்கும்.